டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

புதுக் கணினி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. வீடு, படிப்பு, அலுவலக வேலை என்று அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்குகிறவர்களுக்கானது இது. சர்வர் வைத்து நடத்துகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

சுருக்கமா ஒரே வரியில சொல்லுங்க. எதை வாங்கட்டும்?

எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள்? எப்போதும் ஒரே மேசை, ஒரே நாற்காலி என்றால் டெஸ்க்டாப். வாரத்தில் ஓரிரு நாளாவது வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் லேப்டாப்.

வேகம், விலை, ஆயுள் எல்லாம் இதற்கு அடுத்துதான். ‘எப்போதாவது தேவைப்படுமே’ என்று லேப்டாப்பை வாங்கி, அதை மேசையை விட்டு அசைக்காமலே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். போன மாதத்தில் கணினி வெளியே உண்மையிலேயே தேவைப்பட்ட நாள்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள் அறைக்கு அறை மாறுவதையும் கணக்கில் சேர்க்கலாம். தனி மேசைக்கு இடமே இல்லாத வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், லேப்டாப்தான்.

ரெண்டுலயும் ஐ7ன்னுதான் போட்டிருக்கு. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?

ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் சிப் (கணினியின் மூளை) வரிசை ஒன்றின் பெயர். பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. இன்டெலின் 12ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்பில் வரும் ஐ7-1255யு சிப்பின் அடிப்படை மின்செலவு 15 வாட். அதில் வேகமான கோர்கள் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 2, சிக்கனக் கோர்கள் 8. டெஸ்க்டாப்பில் வரும் ஐ7-12700க்கு 65 வாட். அதில் வேகமான கோர்கள் 8, சிக்கனக் கோர்கள் 4. இன்டெல் சிப் என்றால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள்: ‘யு’ மின்சிக்கனத்துக்கானது, ‘எச்’ லேப்டாப்களிலேயே கனமான வேலைக்கானது.

இவ்வளவு வித்தியாசம் எதற்கு என்றால், சூடு. சிப் இழுக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். டெஸ்க்டாப் பெட்டிக்குள் பெரிய ஹீட்சிங்க்கும் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) அகலமான ஃபேனும் வைக்க இடம் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட இல்லாத லேப்டாப்பில் அது நடக்காது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான வேலை கொடுத்தால் சில லேப்டாப்கள் முதல் சில நிமிடம் பறந்துவிட்டுப் பிறகு தளர்வது இதனால்தான்.

சிப்பே குறைந்த மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சிப், ஃபேனே இல்லாத மேக்புக் ஏரிலும் மேசையில் வைக்கும் மேக் மினியிலும் ஒன்றேதான். அன்றாட வேலையில் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வது கடினம்.

அப்போ ஒரே பணத்துக்கு எது வேகம்?

டெஸ்க்டாப். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இடைவெளி குறையும், ஆனால் கனமான வேலையில் பெரும்பாலும் டெஸ்க்டாப்தான் முந்தும். வீட்டில் பழைய மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் பேச்சே இல்லை.

நான் பார்க்கிறது மெயில், பிரவுசர், வீடியோ, கொஞ்சம் எக்செல். இதுக்கு என்ன இருந்தா போதும்?

இந்த வேலைகளுக்கு இன்றைய நடுத்தர சிப் எதுவானாலும் போதும். மேலே சொன்ன 15 வாட் சிப்பே இதில் பாதி நேரம் சும்மாதான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமித்து வைக்கும் வேகமான டிஸ்க்) இருக்கிறதா, ராம் (ஓடும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) எவ்வளவு. ராம் 8 ஜிபி இருந்தால் ஓட்டிவிடலாம். பிரவுசரில் இருபது முப்பது டேப் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் 16 ஜிபி வாங்குங்கள்.

எஸ்எஸ்டி இல்லாத கணினியை இன்று யாரும் வாங்கக் கூடாது. சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி அளவில் படிக்கும், எஸ்எஸ்டியில் பழைய இணைப்பு வகையான சாட்டா 550 எம்பி வரை, புதிய வகையான என்விஎம்இ பலவற்றில் 3000 எம்பிக்கும் மேல். அந்த எண்களை விடவும் பெரிய விஷயம், ஹார்ட் டிஸ்க்கில் ஊசிமுனை ஒவ்வொரு சிறு கோப்புக்கும் நகர்ந்து போய்த் தேட வேண்டும், எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. ‘கணினி ஆன் ஆக ஐந்து நிமிடம் ஆகிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

டெஸ்க்டாப் வாங்கினா தனியா வேற என்னென்ன வாங்கணும்?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது மற்றவை: வெப்கேம், மைக், ஸ்பீக்கர். லேப்டாப்பில் இவை கூடவே வந்துவிடும், டெஸ்க்டாப்பில் வராது. வைஃபையும் எல்லா மதர்போர்டிலும் (பாகங்கள் எல்லாம் பொருந்தும் முக்கியப் பலகை) இருக்காது. இல்லையென்றால் சின்ன யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்க வேண்டும், அல்லது ரவுட்டரிலிருந்து கேபிள் இழுக்க வேண்டும். இழுக்க முடிந்தால் கேபிளே இழுங்கள். வீடியோ அழைப்பு நடுவில் திக்கித் திணறாது.

மானிட்டரில் 24 அங்குலத்துக்கு 1920×1080 பிக்சல் போதும். 27 அங்குலம் எடுத்தால் 2560×1440க்குப் போங்கள், இல்லையென்றால் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். மானிட்டரில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பெட்டியை மாற்றினாலும் மானிட்டர் கூடவே வரும்.

கரண்ட் போனா டெஸ்க்டாப் என்ன ஆகும்?

அந்த நொடியே அணைந்துவிடும். சேமிக்காத வேலை போகும். எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பு கெடலாம். ஒருமுறை போனதற்கே எல்லாம் பாழாகிவிடாது, ஆனால் அடிக்கடி போகும் இடம் என்றால் யுபிஎஸ் (கரண்ட் போனதும் சில நிமிடம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) கட்டாயம், அதன் விலையையும் டெஸ்க்டாப் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

600 விஏ (யுபிஎஸ்ஸின் மேல் போட்டிருக்கும் திறன் அளவு) யுபிஎஸ் என்றால் பலவற்றில் 360 வாட் வரை தாங்கும். சாதாரண டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து அதில் கால்வாசி கூட இழுக்காத நேரமே அதிகம். சேமித்து நிதானமாக அணைக்கப் போதுமான நிமிடங்கள் கிடைக்கும், ஒரு படம் பார்த்து முடிக்கக் கிடைக்காது. லேசர் பிரின்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். அது சூடேறும்போது ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுத்து யுபிஎஸ்ஸைத் திணறடித்துவிடும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ், ஆனால் ரவுட்டர் அணைந்தால் இணையம் போய்விடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கரண்ட் பில்லுல வித்தியாசம் தெரியுமா?

கணக்கில் தெரியும், பில்லில் கண்ணை உறுத்தாது. சாதாரண வேலையில் லேப்டாப் 20 வாட் இழுக்கிறது, டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 70 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு லேப்டாப் 3.6 யூனிட், டெஸ்க்டாப் 12.6 யூனிட். கிராபிக்ஸ் கார்டு (திரைப் படங்களை உருவாக்கும் தனிப் பாகம்) போட்டு விளையாடும் கணினி என்றால் கதை வேறு, அது 300 வாட்டைத் தாண்டும்.

லேப்டாப்பை எப்பவும் சார்ஜர்ல போட்டே வச்சிருக்கலாமா? பேட்டரி கெட்டுப்போகும்ங்கிறாங்களே?

போட்டு வைக்கலாம். நூறு சதவீதம் ஏறியதும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும், ‘ஓவர் சார்ஜ்’ ஆகாது. ஆனால் லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாத இரண்டும் அங்கே சேர்ந்துவிடுகின்றன: முழு சார்ஜிலேயே நாள் கணக்கில் இருப்பது, அதோடு சூடு. இரண்டும் சேர்ந்தால் பேட்டரியின் கொள்ளளவு சீக்கிரம் தேயும்.

இதற்கு வழி உண்டு. பல லேப்டாப்களின் அமைப்புகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. மேசையிலேயே வைத்திருப்பவர்கள் அதை ஆன் செய்துவிட்டு மறந்துவிடலாம். வெளியே போகும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் நூறுக்கு ஏற்றுங்கள். மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டாதீர்கள், பெரும்பாலான லேப்டாப்கள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. பேட்டரியை அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்கி ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. அது இப்போது நன்மையை விடத் தீமையே செய்யும்.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

வருடத்தில் அல்ல, சுற்றுகளில் கணக்கு. மொத்தமாக நூறு சதவீதம் செலவானால் ஒரு சுற்று. இன்று 50, நாளை 50 செலவழித்தாலும் ஒன்றுதான். பொதுவாக 300 முதல் 500 சுற்றுகளில் கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்கு இறங்கும். சிலவற்றை 1000 சுற்றுக்கு வடிவமைக்கிறார்கள். தினமும் முழுதாகத் தீர்ப்பவருக்கு இரண்டு வருடத்துக்குள்ளேயே தெரிய ஆரம்பிக்கும், மற்றவர்களுக்கு மூன்று நான்கு வருடம் ஓடும். அதன் பிறகும் கணினி ஓடும், பிளக் பாயின்ட்டைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாமல் போனாலோ, அடிப்பாகம் மேசையில் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

லேப்டாப்ல நாள் முழுக்க வேலை பார்த்தா கழுத்து வலிக்குது. டெஸ்க்டாப் வாங்கினா சரியாகுமா?

லேப்டாப்பின் பிறவிக் குறை இது. திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கை சரியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்து கழுத்து குனிகிறது, திரையை உயர்த்தினால் கை தூக்கிக்கொள்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, முகத்திலிருந்து 50 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்தில், முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில். இப்படி உட்கார டெஸ்க்டாப்பில் எளிது.

ஆனால் இதற்காகவே டெஸ்க்டாப் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டாண்டும், தனி கீபோர்டும், தனி மவுஸும் போதும். ஸ்டாண்டு கூட வேண்டாம், நான்கு தடிப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வைத்தாலும் திரை உயர்ந்துவிடும் (காற்றுத் துளையை மறைக்காமல்). தினம் நான்கு மணி நேரத்துக்கு மேல் லேப்டாப் முன் உட்காருகிறவர் இந்த மூன்றையும் லேப்டாப் வாங்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். வலி வந்த பிறகு வாங்குவதுதான் வழக்கமாக இருக்கிறது. ஏற்கெனவே வலி தொடர்ந்து இருந்தால் மருத்துவரையும் பாருங்கள்.

அப்போ லேப்டாப்பையே மானிட்டர்ல மாட்டி டெஸ்க்டாப் மாதிரி வச்சுக்கலாமே?

தாராளமாக. வீட்டில் மேசையும் வேண்டும், வெளியிலும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, கீபோர்டு, மவுஸ், முடிந்தது. அமைப்புகளில் ‘மூடியை மூடினால் எதுவும் செய்யாதே’ என்று மாற்றிவிட்டால் லேப்டாப்பை மூடியே ஓரமாக வைக்கலாம். சில மாடல்களில் மூடினால் சூடு கொஞ்சம் ஏறும், கைவைத்துப் பாருங்கள்.

சிக்கல் வருவது யுஎஸ்பி-சி போர்ட்டில். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் வீடியோ வராது, எல்லாவற்றிலும் சார்ஜும் ஏறாது. ஒரே கேபிளில் மானிட்டர், சார்ஜ் இரண்டும் வேண்டும் என்றால் அந்த மாடலின் விவரப் பட்டியலில் ‘டிஸ்பிளேபோர்ட்’, ‘பவர் டெலிவரி’ என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். 4கே மானிட்டர் மாட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும்.

எது அதிக வருஷம் உழைக்கும்?

டெஸ்க்டாப். காரணம் அதன் பாகங்கள் உசத்தி என்பதல்ல. அது கீழே விழுவதில்லை, பையில் நசுங்குவதில்லை, மூடியை ஆயிரம் முறை திறந்து மூடுவதில்லை, தேய்ந்துபோகும் பெரிய பேட்டரியும் கிடையாது. (மதர்போர்டில் காசு அளவில் ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும். சில வருடம் கழித்து ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழையதாகக் காட்டினால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நீங்களே மாற்றலாம்.) ஏதாவது ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம்.

பின்னாடி ராம், எஸ்எஸ்டி கூட்டிக்கலாம்னு கடைக்காரர் சொல்றார். நம்பலாமா?

டெஸ்க்டாப் என்றால் நம்பலாம். பெரும்பாலான மதர்போர்டுகளில் ராமுக்கு இரண்டு அல்லது நான்கு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு எம்.2 ஸ்லாட், கூடவே சாட்டா போர்ட்கள் இருக்கும். கிராபிக்ஸ் கார்டையும் பிறகு சேர்க்கலாம், பவர் சப்ளை தாங்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

லேப்டாப் என்றால் அந்த மாடலின் பெயரைச் சொல்லி, எழுதி வாங்குங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே சால்டர் செய்து (கழற்ற முடியாதபடி பற்றவைத்து) விடுகிறார்கள், வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசிவரை. விவரப் பட்டியலில் ‘எல்பிடிடிஆர்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் அந்த வகை. ‘சோடிம்’ என்று போட்டிருந்தால் மாற்றலாம். எஸ்எஸ்டியை மாற்றும் வசதி அதைவிடப் பரவலாக இருக்கிறது, ஆனால் ஆப்பிள் மேக்புக்கில் அதையும் எதிர்பார்க்காதீர்கள். எனவே லேப்டாப்புக்கு என் அறிவுரை: மேலே எட்டா பதினாறா என்று பேசினோமே, அதில் தயக்கம் இருந்தால் பதினாறையே வாங்குங்கள்.

ஸ்லாட் இருந்தால் ஒரே 16 ஜிபி குச்சியை விட இரண்டு 8 ஜிபி குச்சிகள் போடுவது நல்லது. இரண்டு வழியாகவும் தரவு போகும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இதன் பலன் நன்றாகவே தெரியும்.

கீபோர்டுல தண்ணி கொட்டிருச்சு!

டெஸ்க்டாப் என்றால் கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள், போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப் என்றால் கீபோர்டுக்கு நேர் கீழே மதர்போர்டு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும். பிறகு கவிழ்த்து வைத்து, திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ‘ஓடுகிறதா’ என்று ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் பல லேப்டாப்களைக் கொன்றிருக்கிறது. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஆல்-இன்-ஒன், மினி பிசின்னு சொல்றாங்களே, அதெல்லாம் எப்படி?

ஆல்-இன்-ஒன் பார்க்க அழகு. ஆனால் பெரும்பாலும் லேப்டாப் பாகங்களை மானிட்டருக்குப் பின்னால் அடைத்து வைத்ததுதான். திரை கெட்டால் கணினியும் போச்சு, கணினி பழசானால் நல்ல திரையும் வீண். எனக்குப் பிடிக்காத வகை, நான் யாருக்கும் சொல்வதில்லை.

மினி பிசி வேறு. உள்ளங்கை அகலப் பெட்டி, உள்ளே லேப்டாப் சிப், மானிட்டர் உங்கள் விருப்பம். பலவற்றை மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம், பின்புறம் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளை இருக்கிறதா பாருங்கள். மின்செலவு லேப்டாப் அளவுதான், பேட்டரித் தொல்லை இல்லை, பலவற்றில் ராமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். ஒரே மேசையில் சாதாரண வேலை பார்ப்பவர் இன்று டெஸ்க்டாப் என்று பெரிய பெட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை, இது போதும். பிறகு கிராபிக்ஸ் கார்டு போட முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். யுபிஎஸ் இதற்கும் வேண்டும்.

கேம் விளையாடணும், வீடியோ எடிட்டிங்கும் பண்ணணும். கேமிங் லேப்டாப் வாங்கலாமா?

சூடு பற்றி மேலே சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090ஐப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் அது 24 ஜிபி நினைவகம், 450 வாட். அதே பெயரில் லேப்டாப்பில் வருவது 16 ஜிபி, அதிகபட்சம் ஏறத்தாழ 175 வாட், உள்ளே இருக்கும் சிப்பே சிறியது. கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் டெஸ்க்டாப் கார்டைப் பற்றிப் பார்த்த ரிவ்யூவை நம்பி லேப்டாப் வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்குக் கீழே உள்ள மாடல்களிலும் ஒரே பெயருள்ள லேப்டாப்கள் வெவ்வேறு வாட் அளவில் வருகின்றன, வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.

இரண்டரை கிலோ எடை, முழு வேகத்தில் ஃபேனின் இரைச்சல், சார்ஜர் இல்லாமல் வேகம் பாதி. இதையெல்லாம் தாங்க வேண்டிய கட்டாயம், அதாவது விடுதியில் தங்குவது போன்ற நிலை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் டெஸ்க்டாப். டெஸ்க்டாப்பில் கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளை கார்டில் உள்ள போர்ட்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு ‘கார்டு வேலை செய்யவில்லை’ என்று அழைப்பவர்கள் இன்றும் உண்டு.

காலேஜ் போற பிள்ளைக்கு எது?

லேப்டாப். எடை ஒன்றரை கிலோவுக்குள், பேட்டரி ஒரு நாள் வகுப்புக்குத் தாங்க வேண்டும். பொறியியல் வரைபடம், அனிமேஷன் போன்ற படிப்பு என்றால் அந்த மென்பொருளுக்கு என்ன வேண்டும் என்று துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அழகாக இருக்கிறது என்று மேக் வாங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் என் பதில் மாறும். எல்லோரும் நடமாடும் அறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு டெஸ்க்டாப்.

வயசான அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கணும்.

பெரிய திரை, பெரிய எழுத்துள்ள கீபோர்டு, எப்போதும் ஒரே இடம். மினி பிசியோடு 27 அங்குல மானிட்டர் நன்றாகப் பொருந்தும். வெப்கேமை முதலிலேயே மாட்டிக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு வேண்டியதே அதுதான். டச்பேடில் இரண்டு விரல், மூன்று விரல் என்று பழக்குவதை விட மவுஸ் பழக்குவது எளிது. படுக்கையில் சாய்ந்தபடி படிக்க ஆசைப்படுகிறவர் என்றால் டேப்லெட்டே போதும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா? அதுல எது பரவாயில்லை?

டெஸ்க்டாப்பில் ஆபத்து குறைவு. பெரிய அலுவலகங்கள் மொத்தமாக மாற்றும்போது வெளியே வரும் சிறு பெட்டிகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஒரு புதிய எஸ்எஸ்டி போட்டால் அன்றாட வேலைக்குத் தாராளம். ஆனால் அவற்றின் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருப்பதால் சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பாகம் பொருந்தாமல் போகலாம். லேப்டாப்பில் பேட்டரி, கீல், திரை மூன்றும் ஏற்கெனவே ஒருவரிடம் தேய்ந்தவை. பேட்டரியை மாற்றும் செலவைச் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

எதுவானாலும் சிப்பின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட டிபிஎம் 2.0 (கணினியின் பாதுகாப்பு வசதி ஒன்று) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ‘ஐ7’ என்று சொல்லி 4ஆம் தலைமுறையை விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவராக இருந்தால் தவிர.

லேப்டாப் திருடுபோனா உள்ளே இருக்கிறதெல்லாம் என்ன ஆகும்?

உள்நுழையும் கடவுச்சொல் மட்டும் காப்பாற்றாது. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் எல்லாம் தெரியும். முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வசதியை, விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், முதல் நாளே ஆன் செய்யுங்கள். அதன் மீட்புச் சாவியை அதே லேப்டாப்பில் வைக்காதீர்கள். பேக்கப் இரண்டுக்கும் வேண்டும். டெஸ்க்டாப் அவ்வளவு எளிதில் திருடு போகாது என்றாலும் அதன் டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

பழைய லேப்டாப் ஒண்ணு திரை உடைஞ்சு கிடக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கட்டுமா?

பொறுங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு மானிட்டரையோ டிவியையோ மாட்டி ஆன் செய்து பாருங்கள். படம் வந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரு டெஸ்க்டாப். வராவிட்டால் கீபோர்டில் விண்டோஸ் பட்டனோடு ‘பி’யை அழுத்திப் பாருங்கள், படம் உடைந்த திரையிலேயே நின்றிருக்கலாம்.

படம் வந்த பிறகு, செகண்ட் ஹேண்ட் பற்றிய பதிலில் சொன்ன தலைமுறைக் கணக்கைப் பாருங்கள். அதில் தேறினால் எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றச் சொல்லிவிடுங்கள், பல மாடல்கள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். தலைமுறையில் தேறாவிட்டால், அல்லது மானிட்டரிலும் படம் வராவிட்டால், உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டுக் கோப்புகளை எடுத்துக்கொண்டு, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.